மூன்று புள்ளி

கத்தியைக் கையோடு கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். என் பட்டறையில் இதைச் சட்டமாகவே வைத்திருந்தேன். சண்டைக்குப் பயந்து அல்ல, விரலுக்குப் பயந்து. செய்து முடித்த கத்தியைப் பலகைமேல் வைக்க வேண்டும். வைத்தவர் ஓரடி பின்னால் போய் நின்று, "இது நான் செஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கத்தி கண்ணாடி மாதிரி வந்திருந்தாலும் சரி, கோணல் வெண்டைக்காய் மாதிரி வந்திருந்தாலும் சரி. சொன்ன பிறகுதான் நான் அதை எடுத்துப் பார்ப்பேன்.

அந்த வாய்விட்டுச் சொல்லும் பாதி என் சொந்தச் சரக்கு. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். இரும்பைக் காய்ச்சி எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றும் பிரிவு. செய்த சாமான் நன்றாக இருந்தால் கம்பெனி செய்தது. விரிசல் விட்டால் கான்ட்ராக்ட் ஆள் செய்தது. தோள்பட்டை போனதும், ஒரு டீயைக்கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் கத்தி செய்ய உட்கார்ந்தேன். பதம் ஏற்றுவது தெரியும், மீதியை போனில் வீடியோ பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் கற்றேன். வியாபாரம் ஓடத்தான் செய்கிறது. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களுக்கும் ஹோட்டல் சமையல்காரர்களுக்கும் நல்ல கத்தி எத்தனை செய்தாலும் போதவில்லை.

பட்டறை திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகளின் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள்தான் எங்கள் இரும்பு. அறக்கட்டளைக்காரர்கள் சிலர் வந்து, வாலிபப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தால் கரிச் செலவும் கரண்ட் பில்லும் தருகிறோம் என்றார்கள். கரண்ட் பில் என்றதும் ஒப்புக்கொண்டேன். சொல்லிக்கொடுப்பது என்பது இரும்பு அடிப்பதைவிட அலுப்பான வேலை என்று அப்போது தெரியாது. இரும்பு ஒரு தடவை அடித்தால் கேட்கும். இவர்களிடம் தோளும் போய்த் தொண்டையும் போய், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் சோற்றைப் பிசையக்கூடக் கை வராது.

வந்தவர்களில் மூன்று பேர் நிலைத்தார்கள். எர்ணாவூர் செங்கொடி, ராயபுரம் சாவியோ, வியாசர்பாடி அறிவு. செங்கொடிக்கு நிதானம் உண்டு, கையில் பலம் குறைவு. சாவியோவுக்கு வாய் உண்டு. அறிவுக்குக் கண் இருந்தது. பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்து, காந்தம் ஒட்டுகிறதா என்று வைத்துப் பார்க்காமலே, "இப்போ" என்பான். எனக்கு அந்தக் கண் வர ஐந்தாறு வருஷம் பிடித்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது, பொறாமையாகத்தான் இருந்தது.

பிடிக்குப் பக்கத்தில், பதம் ஏற்றாத இடத்தில், ஆளுக்கொரு அடையாளம் அடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அந்த இடம் மெத்தென்று இருக்கும், எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். செங்கொடி ஒரு மீன் மாதிரி ஏதோ கிறுக்கினாள். சாவியோ சிலுவை போட்டான். அறிவு பஞ்ச் உளியை வைத்து மூன்று புள்ளி குத்தினான், அடுப்புக்கல் மூன்றையும் வைக்கிற மாதிரி. மூன்றும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. நான் என் கத்திகளில் அடையாளம் எதுவும் போட்டதில்லை, வாங்குகிறவர்களுக்கு என்னைத் தெரியும், போதும் என்று இருந்துவிட்டேன்.

அறிவுக்கு அந்த மாதம் ஒரு நல்ல காலம் வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்தில் தினக்கூலிக்குக் கன்டெய்னருக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தவனை, ஒரு சரக்குக் கம்பெனி மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பி.எஃப் உண்டு, ஈ.எஸ்.ஐ உண்டு. போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து கேட் பாஸ் வந்தால் வேலை. அவன் பேரில் ஒரு பெட்டி கேஸ் கூடக் கிடையாது. அவன் அண்ணன் பேரில் ஒன்று இருந்தது, அது வேறு கதை. "அட்ரஸ் பாத்தே மூஞ்ச சுளிக்கறானுங்கோ மாஸ்டர், இதுல கேஸு வேற இருந்தா அவ்ளோதான்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறந்தது வியாசர்பாடிக்குப் பக்கத்துப் புளியந்தோப்பு. அட்ரஸ் என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தேன். பிடி போட்டு முடித்த முதல் கத்தியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், ஒரு வாரம் வெங்காயம், மீன், கோழி எல்லாம் வெட்டுங்கள், எங்கே மக்கர் செய்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்றேன். கத்தியைப் பழகாமல் கத்தி செய்ய வராது, அது உண்மைதான். தோள் வலியில், எப்போது போய்ப் படுப்போம் என்ற நினைப்பில் சொன்னேன் என்பதும் உண்மை. செங்கொடி காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். சாவியோ பைக் சீட்டுக்கு அடியில் வைத்தான். அறிவு பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினான். திருவொற்றியூருக்கு நான் குடிவந்து பத்து வருஷம் ஆகிறது. அந்தப் பத்து வருஷத்தில், ஒரு வியாசர்பாடிப் பையன் பையில் கத்தியோடு ரயிலில் போகக் கூடாது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

காலேஜ் பிள்ளைகள் ரயிலில் எங்கள் ரூட்டா உங்கள் ரூட்டா என்று கத்தியோடு சண்டை போட்டது அந்த வாரம்தான் பேப்பரில் வந்திருந்தது. போலீஸ்காரர்கள் பிளாட்பாரத்தில் நின்று வாலிபப் பிள்ளைகளின் பையை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். நான்கு மணி வாக்கில் எனக்கு போன் வந்தது. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே தேவையில்லை. போனில் பேசிய ஏட்டு, அறிவு என்கிற பையன் உங்கள் பேரைச் சொல்கிறான், வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் போனபோது அறிவு சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அடித்ததாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் மேஜையில் பேப்பரை விரித்து அதன்மேல் கத்தி. அவரும் மூன்று நாளாக பந்தோபஸ்தில் நின்றவர் போலத்தான் இருந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. ஏட்டு என்னைப் பார்த்ததும், பையன் ஒத்துக்கொண்டுவிட்டான், என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறான் என்றார்.

என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். யாருடைய கத்தி என்று கேட்டதும் இவன் நிமிர்ந்து நின்று, ஓரடி பின்னால் போய்க்கூட இருப்பான், "நான் செஞ்சது" என்று சொல்லியிருக்கிறான். என் பலகையைத் தவிர உலகத்தில் வேறு எந்த மேஜையிலும் சொல்லக் கூடாத பதில் அது.

நான் சொல்வதை இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். அறக்கட்டளை, வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் சொன்னேன். கத்தி செய்யவா சொல்லிக்கொடுக்கிறாய், வேறு தொழிலே கிடைக்கவில்லையா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். உங்கள் வீட்டிலும் கத்தி இருக்குமே சார், அதையும் யாரோ ஒருத்தன்தானே செய்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சுவரோரம் நிற்கிறவன் என் பிள்ளை இல்லைதான், ஆனால் என் வாயால் அங்கே நிற்கிறவன்.

கடைசியில் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இங்க பாரு. இவன் செஞ்சான், இவன் பையில இருந்துச்சுன்னா நான் கேஸ் போட்டுத்தான் ஆகணும், அண்ணன் பேரு வேற இங்க இருக்கு. உன் கடைச் சரக்கு, நீ செஞ்சது, கஸ்டமருக்குக் கொடுக்க இவன்கிட்ட அனுப்பினேன்னா அது வேற. எது?"

நல்ல மனுஷர்தான். ஒரு கதவைத் திறந்து வைத்தார், அந்தப் பக்கம் போக நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறிவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதம் பார்க்கிற அதே கண்.

"நான் செஞ்சது சார்" என்றேன்.

அந்த மூன்று புள்ளி என்ன என்று கேட்டார். எங்கள் கடை அடையாளம் என்றேன். கேட்காததையும் சேர்த்து, எல்லாக் கத்தியிலும் இருக்கும் சார் என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. அப்படியென்றால் ஒருநாள் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார் அவர்.

பிறகு அறிவிடம் திரும்பி, யார் செய்தது என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. ஏட்டு ஒரு தடவை அதட்டினார், அப்போதும் சொல்லவில்லை. நான்தான் கிட்டே போய், சொல்லு அறிவு, கேட் பாஸை நினைச்சுக்கோ என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான்.

"மாஸ்டர் செஞ்சது சார். எனுது இல்ல."

அதையே எழுதி அவனும் நானும் கையெழுத்துப் போட்டோம். கேஸ் இல்லை. கத்தியை என்னிடம் கொடுத்தார்கள், உன் சரக்கு, பத்திரமாக எடுத்துப் போ என்று.

வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பேப்பர்ப் பொட்டலத்தைப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். இப்படியே கொண்டுபோகாதே, நானே நாளைக்கு உன் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன், உன் கத்தி அது என்றேன். அவன் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தான்.

"வேணாம் மாஸ்டர். எயுதிக் குட்த்தாச்சுல்ல. அது உங்குளுதுதான்."

கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், ஆறியிருக்கும். தேங்க்ஸ் மாஸ்டர் என்றுகூடச் சொன்னான். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து போய்விட்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு காரியம் செய்தேன். ஆள் வந்து பார்ப்பார்கள் என்ற பயம்தான். வந்து, ஒரு கத்தியிலும் புள்ளி இல்லை என்றால் கையெழுத்துப் போட்டதெல்லாம் பொய்யாகும், கேஸ் அவன் தலையில் போய் விழும். பட்டறையில் விற்பனைக்குத் தொங்கிய என் கத்தி எல்லாவற்றையும் இறக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் பிடிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி அடித்தேன். மதியம்வரை ஆயிற்று. வலிக்கிற தோளோடு அடித்ததில் ஒன்றுகூட அவன் அடித்த மாதிரி வரவில்லை. போலீஸ்காரன் எவன் அளந்து பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

அறிவின் கத்தியை வீட்டில் அலமாரிமேல் வைத்திருந்தேன். என் மனைவி கெங்கம்மா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். தினம் பொழுது விடிந்ததும் போனால் பத்து மணிவரை கை ஓயாது. கத்தி விஷயத்தில் அவளிடம் நல்ல பேர் வாங்குவது நடக்காத காரியம். நான் செய்து கொடுத்த கத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைத்திருப்பாள், இது பின்னால் கனம், இது முள்ளில் பட்டால் பல்லிளிக்கிறது என்று. அவள் என்னைக் கேட்காமலே அலமாரிக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்ததும், கூடையைக்கூட இறக்கவில்லை.

"இன்னாயா இது, வஞ்சிர முள்ளுல உட்டா வெண்ண மேரி போவுது. இத்தினி நாளா இப்டி ஒண்ண ஏன் எனுக்கு குடுக்கல? யாரு செஞ்சது?"

சொல்ல வாய் திறந்தேன். கெங்கம்மாவுக்குத் தெரிந்தால் மறுநாள் விடிவதற்குள் காசிமேடு முழுக்கத் தெரியும். மீன் வாங்க வருகிறவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. அவனுக்குக் கேட் பாஸ் இன்னும் கைக்கு வரவில்லை. இதெல்லாம் சரியான காரணங்கள்தான், இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். நானு, என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கலியாணம் ஆன இத்தனை வருஷத்தில் என் கைவேலையைப் பார்த்து அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அறிவு வரவில்லை. போன் செய்தால் ஷிஃப்ட் இருக்குது மாஸ்டர் என்பான். மூன்றாவது ஞாயிறு காலையில் வந்தான். கழுத்தில் புது நாடா, அதில் போட்டோ ஒட்டிய கேட் பாஸ். அவன் வாங்கி வந்த லட்டு டப்பாவை சாவியோ பிடுங்கி, பாதியை அவனே காலி செய்தான். செங்கொடி பாஸை வாங்கிப் பார்த்து, போட்டோவில் ஆள் நல்லாத்தான் கீற என்று கிண்டல் பண்ணினாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி சொல்லிவிடலாம், கெங்கம்மா சொன்னதை இவர்கள் எல்லோர் முன்னாலும் இன்றைக்கே இவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விற்பனைக்குத் தொங்கும் கத்திகளின் பக்கத்தில் அவன் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன். ஒன்றை இறக்கி, பிடிப் பக்கம் நான் அடித்த மூன்று புள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இருந்த இடத்திலேயே மாட்டினான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முன்பே அடித்து வைத்திருந்த இரண்டாவது கத்திக்கு அன்று பதம் ஏற்றினான். ஜன்னலுக்குச் சாக்குத் துணியை இழுத்துவிட்டு, இருட்டில் இரும்பின் நிறம் பார்த்து, அதே கண்ணோடு, அதே நேரத்துக்கு எண்ணெயில் முக்கினான். மதியம் தேய்த்துப் பிடியும் போட்டுவிட்டான். பலகைமேல் கத்தி வைக்கும் நேரம் வந்தது. செங்கொடி வைத்து, நான் செஞ்சது என்றாள். சாவியோவும் சொன்னான். அறிவு தன் கத்தியை வைத்தான், ஓரடி பின்னால் போய் நின்றான்.

"இது மாஸ்டர் செஞ்சது."

சாவியோ விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்டேஷன் கதையை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. நான் கத்தியை எடுத்துப் பிடிப் பக்கம் பார்த்தேன். புள்ளி இல்லை, மொழுக்கென்று இருந்தது.

மற்ற இருவரையும் சாப்பிடப் போகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு, அவன் முதல் கத்தியை கெங்கம்மா காசிமேட்டுக்கு எடுத்துப் போனதையும், வஞ்சிர முள்ளையும், வெண்ணெய் என்று சொன்னதையும் சொன்னேன். என் கத்தியில் ஒன்றைக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை என்றும் சொன்னேன். அவன் முகம் ஒரு கணம் பழைய மாதிரி ஆயிற்று.

"அக்கா நெசமா சொல்லிச்சா?"

நிஜமாகத்தான் சொன்னாள் என்றேன்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டுச்சா?"

கேட்டாள் என்றேன். அவன் காத்திருந்தான். அவ்வளவு நல்ல செய்தியைச் சொல்ல வந்தவன், அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று யோசிக்காமல் வாயைத் திறந்திருக்கிறேன் பாருங்கள். கேட் பாஸ் வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், காசிமேடு எப்படிப்பட்ட இடம் என்று உனக்கே தெரியும் என்று ஏதேதோ சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"கரெக்டுதான் மாஸ்டர்" என்றான். "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சொன்னா பேஜாராப் பூடும்."

நான் பஞ்ச் உளியையும் சின்னச் சம்மட்டியையும் எடுத்துப் பலகைமேல் அவன் பக்கமாக வைத்தேன். அடையாளத்தை நீயே அடி, இது உன் புள்ளி என்றேன். அவன் அவற்றைத் தொடவில்லை. சுவரில் தொங்கிய என் கத்திகளை ஒரு தடவை பார்த்தான்.

"ஒங்க கடைக் கத்தில நான் எப்டி அடிக்கறது? நீங்களே அடிங்க."

சொல்லிவிட்டு உலைப் பக்கம் போனான். கழுத்துப் பாஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கரியைக் கிளற ஆரம்பித்தான். அவனைக் கூப்பிட்டு இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொன்னாலும் இந்தக் கொட்டகைக்குள் மட்டும்தான் அது செல்லும், அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அடையாளம் இல்லாமல் கத்தியை வெளியே விடவும் முடியாது. ஆள் வந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள் இன்னும் வரவில்லை.

உளியை வைத்து அடித்தேன். இரண்டு புள்ளி சரியாக விழுந்தது. மூன்றாவது கொஞ்சம் விலகிப் போயிற்று. அவன் அடித்திருந்தால் விலகியிருக்காது.